சறுக்கு மரம் காய்கிறது

நில்லுங்கள் தம்பி. கயிற்றைத் தாண்டாதீர்கள். பலகையில் எழுதியிருக்கிறதே, கண்ணில் படவில்லையா? 'ஈரம். தொடாதே.' நான் எழுதியதுதான். பாப்பா கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குக் கை சும்மா இருக்காது.

புதிதாகக் குடிவந்தவரா? சி பிளாக்கா? அதானே பார்த்தேன். பழைய ஆட்கள் யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை. தப்பித்தவறி வந்தாலும் என்னைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விடுவார்கள். பொறுப்பான ஆளைப் பார்த்தால் அப்படித்தான். ஒரு பயம்.

அந்த சிமெண்ட் பெஞ்சில் உட்காருங்கள். பாப்பாவும் உட்காரட்டும். கேட்டுவிட்டீர்கள், முழுசாகக் கேட்டுவிட்டுப் போங்கள். கேட்கவில்லையா? சரி, கேட்கப்போகிறீர்கள். எல்லாப் புது ஆளும் கேட்கிறான். "ஏன் சார் கட்டி வச்சிருக்கு, எப்ப சார் அவிழ்ப்பாங்க?" அவிழ்க்கிறவன் நான்தான்.

என் பெயர் தணிகாசலம். ரயில் பெட்டி செய்கிற தொழிற்சாலையில் பெயிண்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ரிடையர் ஆனவன். பெட்டி பளபளவென்று வெளியே வரும். எல்லோரும் கை தட்டுவார்கள். நான் மட்டும் பிளேடை எடுப்பேன். குறுக்கே சில கீறல், நெடுக்கே சில கீறல். மேலே டேப்பை ஒட்டிப் படக்கென்று இழுப்பேன். டேப்போடு பெயிண்ட் வந்தால் ரிஜெக்ட். பெட்டி திரும்ப உள்ளே போகும். எவன் வந்து கெஞ்சினாலும் போகும். நான் ரிடையர் ஆன அன்று என்னோடு வேலை பார்த்தவர்கள் கேட்டுக்கு வெளியே சரவெடி வெடித்தார்கள். அவ்வளவு பாசம்.

இதோ நிற்கிறது பாருங்கள். ஏணி, மேலே குடில் மாதிரி ஒன்று, ஒரு பக்கம் சறுக்கு மரம், ஒரு பக்கம் ஊஞ்சல். எல்லாம் பைன் மரம். போன வருஷம் பங்குனியில் வந்து இறங்கியது. அசோசியேஷன் வாங்கியது. பூச்சு எதுவும் இல்லை, வெறும் மரம். வெறும் மரத்தைத் திறந்த வெளியில் நிறுத்தினால் என்ன ஆகும்? வெயில் பிளக்கும். மழை ஊறும். மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொள்ளும். பிள்ளை சறுக்கினால் சிலாம்பு தொடையில் ஏறும். ஆகப் பூச்சு வேண்டும். எந்தப் பூச்சு? அதற்குத்தான் கூட்டம் போட்டார்கள்.

செகரட்டரி கோதண்டபாணி. பாங்க் மேனேஜராக இருந்தவர். பெயிண்ட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது டப்பாவில் வரும் என்பதுதான்.

"வார்னிஷ் அடிச்சிடலாம். கல்யாண மண்டபத்துக் கதவு மாதிரி பளபளன்னு இருக்கும்" என்றார்.

"மண்டபத்துக் கதவு நிழல்ல நிக்குது. இது வெயில்ல நிக்கப்போகுது. வார்னிஷ் மரத்து மேல தோல் மாதிரி நிக்கும். கத்திரி வெயில்ல மரம் ஒரு பக்கம் இழுக்கும், தோல் ஒரு பக்கம் இழுக்கும். வெடிச்சு உரியும். உரிஞ்ச இடத்துல தண்ணி இறங்கி உள்ளயே குடியிருக்கும்" என்றேன்.

"அப்போ எனாமல் பெயிண்ட்?"

"பிள்ளைங்க கடிக்கும். ஈயம் இருந்தா யார் பதில் சொல்றது?"

"ஈயம் இல்லாததுன்னு டப்பாவிலேயே போட்டு வருதே சார்."

"டப்பாவில போட்டிருந்தா நம்பிடுவீங்களா? இப்படி நம்பித்தான் லோன் குடுத்தீங்களா?"

கூட்டம் சிரித்தது. கோதண்டபாணி சிரிக்கவில்லை. கை தூக்கச் சொன்னார். வார்னிஷுக்கு ஹால் முழுக்கக் கை. எனக்கு ஒரே கை. என் கை. என் மனைவி பூங்கோதை பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். அவள் கை மடியில் இருந்தது. வீட்டுக்கு வந்து கேட்டால், "பளபளன்னு இருந்தா நல்லாத்தானே இருக்கும்" என்கிறாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு பெயிண்ட் இன்ஸ்பெக்டரோடு குடும்பம் நடத்தியவள்.

நான் எதற்கு இவ்வளவு கத்தினேன்? இந்த வயசில் நானா ஏறிச் சறுக்கப்போகிறேன்? என் பேத்தி வரப்போகிறாள். நிலானி. மகள் சுகந்தியின் பெண். புனேயில் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, கோடை லீவுக்குத்தான் வருவாள். அப்போது ஆறு வயசு. மரம் வந்து இறங்கிய அன்றைக்கே போனில் காட்டினேன். கட்டில்மேல் ஏறிக் குதித்தாள். "தாத்தா, நான்தான் ஃபர்ஸ்ட் ஏறுவேன். யாரையும் விடாதீங்க" என்றாள். விடமாட்டேன் என்றேன். நான் சொன்னால் சொன்னதுதான்.

பெயிண்டர் எத்திராஜ் வார்னிஷ் அடித்தான். சித்திரை ஒன்றாம் தேதி திறப்பு விழா. முந்தின நாள் சாயங்காலம்தான் கடைசிக் கை ஓட்டினான். காலையில் வந்து பார்க்கிறேன், கோதண்டபாணி பூஜை போட்டுக்கொண்டிருக்கிறார். ஆயுத பூஜைக்கு லாரிக்கு வைப்பார்களே, அதேபோலக் கம்பத்துக்குக் கம்பம் மஞ்சள், சந்தனம், குங்குமம். சறுக்கு மரத்துக்கு மேலே பெரிய பொட்டு. கீழே எலுமிச்சம்பழம். ஊஞ்சல் சங்கிலிக்குச் சாமந்தி மாலை. வாட்ச்மேன் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். பிள்ளைகள் புதுத்துணி போட்டுக்கொண்டு வரிசையில்.

"ஈரம் காயலை" என்றேன்.

"மங்கலம் சார், மங்கலம்" என்றார் கோதண்டபாணி.

மங்கலம் ஒட்டிக்கொண்டது. துடைத்தார்கள், போகவில்லை. குங்குமம் வார்னிஷுக்குள் இறங்கிவிட்டது. சாமந்தி இதழ் இதழாக ஒட்டிக்கொண்டது. ஒரு ஊதுவத்திச் சாம்பல்கூட. எல்லோரும் சிரித்தார்கள். "பரவாயில்ல விடுங்க, சாமி மரம் மாதிரி இருக்கு. பசங்க ஏறட்டும்" என்றார்கள்.

நான் சிரிக்கவில்லை. பிளேடை எடுத்தேன். கீறினேன். டேப்பை ஒட்டி இழுத்தேன். குங்குமத்தோடு வார்னிஷ் வந்தது. எல்லோருக்கும் தூக்கிக் காட்டினேன்.

"ரிஜெக்ட்."

"நேத்து சாய்ந்தரம் அடிச்சது சார், இன்னிக்கு இழுத்தா வராம இன்னா பண்ணும்?" என்றான் எத்திராஜ். சாக்கு. தொழில் தெரியாதவன் எல்லாம் இப்படித்தான் சாக்குச் சொல்லுவான்.

வரிசையில் ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. அதைப் பார்த்து இன்னொன்று. கோதண்டபாணி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "தணிகாசலம் சார், இனிமே இது உங்க பொறுப்பு. என்ன பூசணுமோ பூசிக்கோங்க. நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் ஒருத்தரும் ஏறமாட்டாங்க. ஆளை விடுங்க சாமி."

அங்கேயே கை தூக்கச் சொன்னார். எல்லாக் கையும் மேலே போனது. பூங்கோதை கைகூட. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அன்றைக்குக் கட்டியதுதான் இந்தக் கயிறு.

வார்னிஷைச் சுரண்டி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மரத்தைப் பழையபடி வெறும் மரமாக்குவதற்குள் சித்திரை பாதி போய்விட்டது. அவசரப்படக் கூடாது. நிலானி அம்மாவோடு வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கினவள் பையைப் போட்டுவிட்டு நேராக இங்கே ஓடிவந்தாள். கயிற்றைப் பார்த்து நின்றாள்.

"தாத்தா, இது எதுக்கு?"

"காயணும்மா."

"எது காயணும்? ஒண்ணுமே அடிக்கலையே?"

"அடிச்சப்புறம் காயணும்ல?"

புத்திசாலிப் பெண். உடனே புரிந்துகொண்டாள்.

மொட்டை மாடியில் சோதனை வைத்தேன். துண்டுப் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பூச்சு. காலையில் தண்ணீர் தெளிப்பேன், பகல் முழுக்க வெயில், சாயங்காலம் பிளேடு, டேப். எல்லாம் சரி, பிள்ளைகள் நக்குமே? அதற்கு என்ன சோதனை? எவனும் வைத்திருக்கவில்லை. நானே நக்கினேன். பலகை பலகையாக. நிலானி பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். பூங்கோதை துணி காயப்போட வந்தவள், "தொட்டுக்கக் கொஞ்சம் சட்னி எடுத்துட்டு வரட்டுமா?" என்றாள். ஒரு பலகை நாக்கைச் சுருக்கென்று பிடித்தது. அப்புறம் சில நாள் ரசத்துக்கும் பாயசத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அந்தப் பூச்சு வெளியே போய்விட்டதா இல்லையா? எந்த இன்ஸ்பெக்டர் செய்வான், சொல்லுங்கள்.

அதிலிருந்து பிள்ளைகள் எனக்கு 'ரிஜெக்ட் தாத்தா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் ஓடிப்போய் ஒளிந்துகொண்டு ஒரே குரலாகக் கத்துவார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள்.

ஆளி விதை எண்ணெய் தேறியது. விஷம் இல்லை, தோல் கட்டாது, மரம் குடித்துக்கொள்ளும். துணியில் தோய்த்து நானே தேய்த்தேன். எத்திராஜை நம்பவில்லை. மரம் பொன்னாகிவிட்டது. ஆனால் எண்ணெய் காய நேரம் எடுக்கும். நிலானி தினம் காலையில் பல் தேய்க்காமல் வந்து நிற்பாள். "தாத்தா, இன்னிக்கு?" "காயட்டும்." "தாத்தா, இன்னிக்கு?" "காயட்டும்."

ஒரு நாள் வந்து பார்க்கிறேன், சறுக்கு மரத்தின் நடுவில் ஒரு கை. சின்னக் கை. அஞ்சு விரலும் அச்சாகப் பதிந்திருக்கிறது. விடுவேனா? பிள்ளைகள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி உள்ளங்கையைக் காட்டச் சொன்னேன். ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். கடைசியில் நின்றது நிலானி. அவள் கையில்தான் எண்ணெய் வாடை.

"தொட்டுத்தான் தாத்தா பாத்தேன். ஏறலை" என்றாள்.

என் வீட்டுப் பிள்ளை என்று பார்த்தால் நான் இன்ஸ்பெக்டரா? எல்லோர் முன்னாலும் திட்டினேன். அந்தக் கை அச்சை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்க எனக்கு அரை நாள் ஆனது. சுத்தமாக எடுத்தேன். இப்போது எங்கே இருந்தது என்று கேட்டால் என்னாலேயே சொல்ல முடியாது.

அப்புறம் ஒரு கோடை மழை. எண்ணெய் முழுக்கக் காயவில்லையா, மேலெல்லாம் கரும்புள்ளி பூத்துவிட்டது. பூஞ்சை. ரிஜெக்ட். நான் பூசியதை நானே ரிஜெக்ட் செய்தேன். அது தெரியுமா உங்களுக்கு? யார் பூசினான் என்றெல்லாம் நான் பார்க்கமாட்டேன்.

"ஏங்க, குழந்தை ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு தடவையாவது ஊஞ்சல்ல ஆட வேணாமா? கரும்புள்ளி இருந்தா ஊஞ்சல் ஆடாதா?" என்றாள் பூங்கோதை.

இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? புள்ளி இன்றைக்குப் புள்ளி. நாளைக்கு மரம் உளுத்துப்போகும். அன்றைக்குப் பிள்ளை விழுந்தால்?

பிள்ளைகள் இருக்கிற இடத்தில் இருக்குமா? பின்னால் பம்ப் ரூம் இருக்கிறது பாருங்கள், அங்கே போய் விளையாட ஆரம்பித்தார்கள். பம்ப் ரூமுக்கு ஒட்டி ஒரு குட்டைச் சுவர். அதன்மேல் ஏறி மணல் குவியலில் குதிப்பது. அசோசியேஷன் அதைக் கண்டுகொண்டதா? இல்லை. ஒரு பயல் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு எங்கே நேரம்? நான் சரியான பூச்சைக் கண்டுபிடித்திருந்தேன். தண்ணீரில் கலக்கிற சாயம். மரத்துக்குள் இறங்கும், மேலே தோல் கட்டாது, உரியாது, வாடை கிடையாது. நக்கியும் பார்த்துவிட்டேன், ஒன்றும் செய்யவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை துடைத்துவிட்டு மேலே ஒரு கை ஓட்டினால் போதும். வெளியில் நிற்கிற மரத்துக்கு அதுதான் பூச்சு. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சறுக்கு மரத்துக்கு முதல் கோட் அடித்துக்கொண்டிருக்கிறேன். வாட்ச்மேன் ஓடி வருகிறான். "சார், உங்க பேத்தி பம்ப் ரூம் சுவத்துலேர்ந்து உழுந்துடுச்சு சார். கை ஒரு மாதிரி தொங்குது."

பதறிப்போய்விட்டேன். ஆனால் அந்தச் சாயத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. பலகையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனால், திரும்பி வந்து தொடருகிற இடத்தில் திட்டு விழும். என்ன செய்தாலும் போகாது. ஆகவே அந்தப் பலகையை முடித்துவிட்டுத்தான் போனேன். ஒரு பலகைதான். நான் போவதற்குள் கோதண்டபாணி தன் காரில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். எதிலும் அவருக்கு அவசரம்.

மணிக்கட்டில் முறிவு. கட்டுப் போட்டார்கள். சுகந்தி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பெற்ற மகள்.

"அப்பா, அந்த ஊஞ்சல்ல உக்காந்து ஆடியிருந்தா இவ கை உடைஞ்சிருக்குமா?"

"அந்தச் சுவத்துக்கு என்ன பூச்சு அடிச்சிருக்கான் தெரியுமா? வெறும் சுண்ணாம்பு. கால் வச்சா மாவா உதிருது. வழுக்காம என்ன செய்யும்? நான் இதைத்தானே தலைபாடா அடிச்சிக்கிறேன்" என்றேன்.

எழுந்து வெளியே போய்விட்டாள். நான் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்புறம் அந்தச் சுவருக்குச் சிமெண்ட் பூசச் சொல்லிக் கோதண்டபாணிக்கு நான் கொடுத்த குடைச்சலில்தான் அந்த வேலை நடந்தது. அதை யாரும் சொல்லமாட்டார்கள்.

லீவில் மிச்சம் இருந்த நாளெல்லாம் நிலானி கட்டுப்போட்ட கையோடு இங்கேதான் இருந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே பெஞ்ச். நான் அடிப்பேன், அவள் பார்ப்பாள். அதுதான் நல்ல காலம். காவலுக்கு ஆள் இருந்தது. ஒரு காக்காய் உட்கார்ந்தால்கூடச் சொல்லிவிடுவாள். ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"தாத்தா, ஊஞ்சல்ல சும்மா உக்காந்துக்கட்டுமா? ஆடலை. ஒரு கையாலதான் புடிச்சுப்பேன்."

"அடியில ஒரு கோட் பாக்கி இருக்கும்மா. நாளைக்கு."

அடிப்பக்கத்தை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று விடுவார்கள். பலகை முனை, ஆணித் தலை, அடிப்பக்கம், தண்ணீர் புகுகிற இடமே அதுதான். நான் விடுவதில்லை. மறுநாள் நான் ஊஞ்சல் பலகையைக் கழற்றித் திருப்பிப் போட்டிருந்தபோது அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். கையெல்லாம் சாயம், அவளைத் தூக்க முடியவில்லை. இங்கிருந்தே பிரஷ்ஷை ஆட்டினேன். ஆட்டோவிலிருந்து கட்டுப்போட்ட கையை ஆட்டினாள்.

அப்புறம் ஏன் அவிழ்க்கவில்லை என்கிறீர்களா? ஆடி, ஆவணியில் அவிழ்க்கலாம் என்று இருந்தேன். யாரை முதலில் ஏற்றுவது? வாக்குக் கொடுத்திருக்கிறேனே. அப்புறம் ஐப்பசி மழை. மழையில் எவன் ஏறுவான்? மழை விட்டதும் பார்த்தால் கம்பத்தில் மயிரிழை வெடிப்பு. அதை அடைத்தேன். தையில் சிலர் கோதண்டபாணியிடம் போய்ச் சத்தம் போட்டார்கள். "தணிகாசலம் சார் சரின்னா எனக்கும் சரி" என்றார். ஒரு பிள்ளைக்குக் கை உடைந்த பிறகு சரி என்று சொல்ல அவருக்கு வாய் வருமா? ஒருத்தருக்கும் வராது. பொறுப்பு என்றால் எல்லோருக்கும் போன் வந்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை நானே புனேக்கு வீடியோ கால் போட்டேன். ஏணி, குடில், சறுக்கு மரம், அடிப்பக்கம் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினேன். தேன் நிறம். ஒரு திட்டு கிடையாது.

"நல்லாருக்கு தாத்தா" என்றாள் நிலானி.

"லீவுக்கு வா. ஒருத்தரையும் ஏற விடலை. நீதான் முதல்."

திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"ஒருத்தர்கூடவா ஏறலை தாத்தா? ஒரு வருஷமா?"

"ஒருத்தர்கூட."

"பாவம்" என்றாள்.

என்னைத்தான் சொல்லியிருப்பாள். ஒற்றை ஆளாக எவ்வளவு வேலை. அப்புறம் சொல்கிறாள், "எனக்கு ஊஞ்சல்லாம் வேணாம் தாத்தா. நான் இப்ப சைக்கிள் ஓட்டறேன். கியர் சைக்கிள். லீவுக்கு இங்கயே கேம்ப் சேத்திருக்காங்க. வரலை."

"சைக்கிளுக்கு என்ன பெயிண்ட்டும்மா? நகத்தால கீறிப் பாரு, வருதா?" என்றேன். சுகந்தி போனை வாங்கிவிட்டாள். "அப்புறம் பேசறேன்ப்பா." அப்புறம் பேசவில்லை.

சைக்கிளாம். ஒரு வருஷத்தில் பிள்ளைகள் என்னமாய் வளர்ந்துவிடுகின்றன. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?

என்ன தம்பி? காய்ந்த மாதிரி இருக்கிறதா? உங்களை யார் தொடச் சொன்னது? தெற்குப் பக்கம் வந்து பாருங்கள். வெயில் படுகிற இடம் லேசாக வெளுத்திருக்கிறது. உங்கள் கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இன்னும் ஒரு கோட் வேண்டும். அதற்கு முன்னால் முழுக்க உப்புத்தாள் போட வேண்டும்.

பாப்பாவுக்கு என்ன வயசு? மூன்றரையா?

அப்புறமென்ன. நேரம் இருக்கிறது.